ஸ்கேனரில் சிபி ரேடியோ கேட்க: ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர் மொட்டைமாடியிலிருந்து ஒரு செய்முறை

சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) என்பது பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ அலைவரிசை. அதைக் கேட்கப் புதிதாக ஸ்கேனர் (பல அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோ) வாங்கியவர்கள் என்னிடம் முதலில் சொல்வது இதுதான்: "27 மெகாஹெர்ட்ஸ் போட்டுப் பார்த்தேன், வெறும் இரைச்சல்தான் வருது." பெரும்பாலும் கருவியில் பழுது இருக்காது. மோடு (குரலை அலையில் ஏற்றும் முறை: ஏஎம், எஃப்எம் போல) தவறாக இருக்கும், இல்லாவிட்டால் ஆன்டெனா போதாது.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விசைப்படகுகளில் இருக்கும் வயர்லெஸ் சிபி அல்ல, அது கடலில் பேசுவதற்கான மரைன் விஎச்எஃப். அதன் 16ஆவது சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம் மோடு. சிபி அதற்கு வெகு கீழே, 26.965 முதல் 27.405 வரை 40 சானல்களாக, பெரும்பாலும் ஏஎம் மோடில் இருக்கிறது. நம் நாட்டில் 2005 முதல் 26.957–27.283 மெகாஹெர்ட்ஸுக்குள் 5 வாட் வரை உரிமம் இல்லாமல் பேசலாம். ஆனால் ஸ்கேனர் என்பது வேறு கருவி. அதை வாங்கும் முன் அதற்குரிய விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது எல்லைக் கடல். காவல்துறை, கடலோரக் காவல்படை பேச்சுகளைத் தேடிப் போகவே வேண்டாம்.

சரி, கருவிக்கு வருவோம். மோடை ஏஎம் ஆக்குங்கள். எஃப்எம்மில் விட்டால் ஆள் பேசுவது குழறிப்போகும். 9ஆவது சானல் 27.065 (அவசரத்துக்கு), 15ஆவது 27.135, 19ஆவது 27.185. இந்த மூன்றையும் முதலில் நினைவில் ஏற்றுங்கள். 15ஐ நான் சேர்த்ததற்குக் காரணம், ரஷ்ய லாரிக்காரர்கள் கூடும் அலைவரிசை அது. மற்றவற்றைப் பிறகு சேர்க்கலாம். எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்: 3ஆவது 26.985, ஆனால் 4ஆவது 27.005. இடையில் ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது. ஸ்குவெல்ச்சை (வெற்று இரைச்சலை அடக்கும் திருகு) இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் திருகுங்கள். அதற்கு மேல் போனால் மெலிந்த குரல்களும் அடைபட்டுப் போகும்.

அடுத்தது ஆன்டெனா. நேரத்தைச் செலவழிக்க வேண்டியது இங்கேதான். ஸ்கேனரோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா சுமார் 11 மீட்டர் நீளமுள்ள சிபி அலைக்கு எந்த மூலைக்கும் காணாது. மின்கடையில் உறையிட்ட செம்புக் கம்பி வாங்கி, 2 மீட்டர் 63 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டுங்கள். கோஆக்ஸ் (கேபிள் டிவிக்கு வருவதுபோன்ற) கேபிளின் நடுக்கம்பியை ஒன்றிலும் வெளிவலையை மற்றொன்றிலும் பற்றவையுங்கள். ஒரு துண்டு மேலே, ஒன்று கீழே இருக்கும்படி மூங்கிலில் நைலான் கயிற்றால் செங்குத்தாகக் கட்டுங்கள். வண்டிகளில் இருக்கும் சிபி ஆன்டெனா நிற்கும் வாக்கிலேயே இதுவும் நிற்க வேண்டும். கேபிளைக் கம்பியோடு ஒட்டிக் கீழே இறக்காமல், பக்கவாட்டில் கொஞ்ச தூரம் கொண்டுபோய் இறக்குங்கள்.

நம் ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. நான் முதலில் கட்டியபோது பற்றவைத்த இடத்தை மூடாமல் விட்டுவிட்டேன். சில வாரத்தில் சத்தம் மெலிந்தது. இறக்கிப் பார்த்தால் வெளிவலை முழுக்கப் பச்சைக் களிம்பு, விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்றின் வேலை. பற்றவைத்த கையோடு சிலிக்கான் பூசி, டேப்பை இறுக்கிச் சுற்றிவிடுங்கள்.

இப்போது கேட்கலாம். முதலில் வீட்டு எல்இடி பல்புகளையும் இன்வெர்ட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், இரைச்சல் எதிலிருந்து வருகிறதென்று தெரிந்துவிடும். தெரு மின்கம்பத்துப் பீங்கானில் உப்புப் படிந்தால் படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும். நல்ல மழை பெய்தால் அது கழுவிப்போய்விடும்.

நம் பக்கம் சிபி பேசுகிறவர்கள் மிகக் குறைவு. ஆகவே அருகிலிருந்து வரும் குரலை நம்பி உட்கார வேண்டாம். வானத்தில் பட்டுத் திரும்பும் தூரத்துக் குரல்தான் இதில் சுவை. சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் பகல் நேரத்தில் இந்த அலை திறந்துகொள்ளும். சூரியன் உச்சக்கட்டத்தில் இருப்பதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. இந்தப் புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சி சுமார் 11 ஆண்டு. காலை ஒன்பதிலிருந்து மாலை வரை, மூன்று சானலையும் ஓடவிட்டு உட்காருங்கள். யாரோ வாத்துபோல் கத்துவது கேட்டால் அது எஸ்எஸ்பி என்ற வேறொரு மோடு. சாதாரண ஸ்கேனருக்கு அது பிடிபடாது, விட்டுவிட்டு அடுத்த சானலுக்குப் போங்கள்.

அப்புறம், ஐப்பசி இடி உறுமத் தொடங்கும் முன்பே ஆன்டெனா கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.