உணர்ச்சி தலைக்கேறும்போது: முகத்துக்குக் குளிர்நீர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயங்களில் ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பங்கள். கத்தித் தீர்க்க இடமில்லை. சத்தமில்லாமல் தணிய, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி எனும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில் நல்ல வழி உண்டு.

கோபமோ பதற்றமோ பத்துக்கு எட்டைத் தாண்டிவிட்டால் புத்திமதி ஏறாது. முதலில் உடம்பின் படபடப்பை இறக்குங்கள்.

பேசின் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஐஸ் போடுங்கள்; 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேண்டாம். மதியத்தில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், வெறும் குழாய்நீரில் பலன் கிடைக்காததற்கு அதுவே காரணம். குனிந்து, மூச்சைப் பிடித்து, கண்ணைச் சுற்றிய பகுதியும் கன்னமும் மூழ்கும்படி 30 விநாடி வரை முகத்தை அமிழ்த்துங்கள். நீரில் மூழ்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு உடல் இதயத் துடிப்பைக் குறைக்கும். நின்றபடி முகம் கழுவினால் இது அவ்வளவாக நடக்காது. மூச்சைப் பிடிப்பதும் முக்கியம்.

இதய நோய், உணவு மறுப்புக் கோளாறு உள்ளவர்களும் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

தணிவு சில நிமிடமே நிற்கும். உடனே போனை எடுத்து வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் மறுபடி ஏறிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். அந்த நிமிடங்களில் 5 எண்ணி மூச்சை இழுத்து, 7 எண்ணி விடுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பேசினைத் தேடாதீர்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி 03-7627 2929.