பள்ளிக்கூடப் பழிவாங்கல் நகைச்சுவைப் படத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி

பதின்ம வயதினரின் பழிவாங்கலைச் சிரிப்பாகச் சொல்லும் அமெரிக்கப் பள்ளிப் படங்களை விமர்சிப்பவர், படம் சிரிக்க வைத்ததா என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். யார் முதலில் தீங்கு செய்தார்கள், பதிலுக்கு என்ன நடந்தது, அதற்கான விலையைக் கடைசியில் யார் கொடுத்தார்கள் என்ற கணக்கைப் படம் நேர்மையாகத் தீர்க்கிறதா என்பதே இவ்வகையின் உயிர்நாடி. டினா ஃபே திரைக்கதை எழுதி, மார்க் வாட்டர்ஸ் இயக்கி 2004இல் வெளிவந்த ‘மீன் கேர்ள்ஸ்’ இதற்கு நல்ல பயிற்சிக்களம்.

முதல் முறை குறிப்பெடுக்காமல் பாருங்கள். எங்கே தன்னை மறந்து சிரித்தோம், எங்கே முகம் சுளித்தோம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். இரண்டாம் முறை அந்தக் கணக்கைத் தாளில் எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்த மாணவி கேடி விரும்பும் பையனை, அவளுக்காகப் பேசுவதாகச் சொல்லிவிட்டு, பள்ளியில் எல்லாரையும் ஆட்டிவைக்கும் மாணவி ரெஜினா தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். ஆனால் பழிவாங்கும் திட்டம் கேடியின் தோழி ஜேனிஸுடையது; அவளுக்கு ரெஜினாமீது பல ஆண்டுப் பழைய கோபம் இருக்கிறது. ஒருத்தியின் புதுக் காயத்தை இன்னொருத்தியின் பழைய பகை பயன்படுத்திக்கொள்வதைக் கவனிக்காத விமர்சனம் படத்தின் மேற்பரப்பைத்தான் தொட்டிருக்கும்.

அடுத்து, சிரிப்பு யார்மீது விழுகிறது என்று பாருங்கள். உடம்பை இளைக்க வைக்கும் என்று பொய் சொல்லி, எடையைக் கூட்டும் சத்துணவுக் கட்டியைக் கேடி ரெஜினாவுக்குக் கொடுக்கிறாள். ரெஜினாவின் தற்பெருமை குலைவதால் காட்சி வேலை செய்கிறது. ஆனாலும் ஒரு பெண்ணின் உடம்பு பருப்பதையே கேலிப்பொருளாக்குகிறது. இரண்டையும் எழுதுங்கள். நகைச்சுவைதானே என்று இதைத் தள்ளிவிடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

என் பார்வையில் படத்தின் மிகக் கூர்மையான முடிச்சு, ரெஜினாவின் கூட்டம் பள்ளியில் உள்ளவர்களை இழித்து எழுதிவைத்த நோட்டுப் புத்தகம். கணித ஆசிரியை நார்பரி போதைமருந்து விற்பதாக அதில் எழுதியவள் கேடியேதான். பக்கங்கள் வெளியே பரவியதும், இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஆசிரியைமீது விசாரணை வருகிறது. பழியின் செலவு மூன்றாம் மனிதர் தலையில் விழும் இந்த இடத்தில்தான் கேடி தன்னைப் பார்க்கத் தொடங்குகிறாள். பின்னர் கணிதப் போட்டியில், எதிரே நிற்கும் பெண்ணின் தோற்றத்தை மனத்துக்குள் ஏளனம் செய்துகொண்டிருக்கும்போதே, அந்த ஏளனம் அவளைத் தோற்கடிக்க உதவாது என்று உணர்கிறாள். மனமாற்றத்தைப் பிரசங்கமாக்காமல் போட்டிக்கு நடுவே வைத்த இத்தகைய காட்சியை விமர்சனத்தில் ஒரு பத்தி முழுக்க விரித்து எழுதலாம்.

உணவுக்கூடத்தில் எந்த மேசையில் யார் உட்காரலாம் என்ற எழுதப்படாத சட்டம், நடன விழாவில் ராணியைத் தேர்ந்தெடுப்பது போன்ற வழக்கங்களைத் தமிழ் வாசகருக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கினால் போதும்.

ஒப்பிடுவதானால் காரணத்தோடு ஒப்பிடுங்கள். மார்க் வாட்டர்ஸின் அண்ணன் டேனியல் வாட்டர்ஸ் எழுதி, அமெரிக்கத் திரையரங்குகளில் 1989இல் வந்த ‘ஹெதர்ஸ்’, இதே பள்ளி அதிகாரத்தைக் கொலைவரை கொண்டுபோய், கொலைகளைத் தற்கொலைகளாகக் காட்டும் கறுப்பு நகைச்சுவை. தம்பி இயக்கிய படம் எங்கே கை நடுங்கிச் சமரசத்துக்குப் போகிறது என்பதை அண்ணன் எழுதிய படம் தெளிவாகக் காட்டும். அதே சமயம், 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு ‘ஹெதர்ஸ்’ படத்தின் பள்ளி வன்முறையை முன்போல் பார்க்க முடியாது என்பதால், அது வந்த காலத்தில் என்ன சொன்னது, இன்று எப்படிப் படுகிறது என்று தனித்தனியாக எழுதுவது நியாயம்.

பழைய படமானால் முடிவைப் பேசலாம். புதிய படமானால், குறிப்பாக இரு பெண்கள் ஒருவருக்காக மற்றவர் பழிவாங்க ஒப்புக்கொள்ளும் 2022ஆம் ஆண்டின் ‘டூ ரிவெஞ்ச்’ போன்று திருப்பத்தை நம்பிய படமானால், முதல் பாதிக்கு அப்பால் கதையைச் சொல்லாதீர்கள். முடிவு அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பொருந்துகிறதா என்ற உங்கள் தீர்ப்பை மட்டும் எழுதி நிறுத்துங்கள்.