கேமிங் சர்வர்ல ஊமையா உக்காந்திருக்கீங்களா? பேச ஆரம்பிக்கிறது இப்படித்தான்

டிஸ்கார்ட்னு கேம் ஆடறவங்க கூடி பேசற ஆப்ல ஒரு கேம் சர்வர்ல, அதாவது குரூப்ல, சேர்ந்துட்டு மாசக்கணக்கா ஒரு வார்த்தை பேசாம மத்தவங்க அரட்டைய மட்டும் படிச்சிட்டு இருக்கற ஆளுங்க நெறைய பேரு, நானும் அந்த கூட்டம்தான், ஆறு மாசம் அப்படியே ஓட்டினேன்.

மொதல்ல ஒண்ணு, வெறும் "ஹாய் ஆல்" போட்டுட்டு காத்திருக்காதீங்க. ரெண்டு பேர் கையாட்டுற எமோஜி போடுவாங்க, அத்தோட கதை முடிஞ்சுது. மத்தவங்க வாய திறக்கற மாதிரி ஏதாவது போடணும். மைன்கிராஃப்ட் (கட்டைகளால ஆன உலகத்துல சுத்தற கேம்) சர்வர்னு வைங்க, அதுல நெதர்னு ஒரு பாதாள உலகம் இருக்கு, போர்ட்டல்னு ஒரு வாசல் வழியா போய் வரணும், "நெதர்ல கோட்டை தேடி ரெண்டு மணி நேரம் சுத்தினேன், கோட்டையும் கிடைக்கல, இப்ப திரும்பி வர்ற போர்ட்டலையும் தொலைச்சிட்டேன்"னு ஒரு ஸ்கிரீன்ஷாட்டோட போட்டுப் பாருங்க. ஒருத்தன் சிரிப்பான், ஒருத்தன் "எஃப்3 அழுத்தி கோஆர்டினேட்ஸ குறிச்சு வைக்க மாட்டியா"ன்னு (கோஆர்டினேட்ஸ்னா நிக்கற இடத்த காட்டற எண்கள்) திட்டுவான், இன்னொருத்தன் வந்து நெதர்ல 1 பிளாக் (ஒரு கட்டை தூரம்) நடந்தா வெளில 8 பிளாக் கணக்கு, அத வச்சு போர்ட்டல எப்படி கண்டுபிடிக்கறதுன்னு க்ளாஸே எடுப்பான். நம்ம சொதப்பல சொன்னா எல்லாருக்கும் பேச ஆசை வந்துடும், நம்ம ஜெயிச்சத சொன்னா ஒரு "ஜிஜி" (குட் கேம்) வரும், அவ்ளோதான்.

வாய்ஸ் சேனலுக்கு போறதுக்கு முன்னாடி புஷ் டு டாக் (பட்டன அழுத்தினா மட்டும் மைக் வேலை செய்யற செட்டிங்) ஆன் பண்ணிடுங்க, உங்க ஃபேன் சத்தமும் கீபோர்டு சத்தமும் யாருக்கும் வேணாம். எவனாவது ரொம்ப கத்தினா அவன்கிட்ட சண்டைக்கு போக வேணாம், அவன் பேர ரைட் கிளிக் பண்ணி உங்களுக்கு மட்டும் வால்யூம குறைச்சுக்கலாம், அவனுக்கு தெரியவே தெரியாது. மைக் இல்லாம டைப் மட்டும் பண்றவங்களும் இருப்பாங்க, அவங்க போட்ட மெசேஜ யாராவது ஒருத்தர் வாய்விட்டு படிச்சு பதில் சொன்னா போதும், அடுத்த நாளும் வருவாங்க.

மேட்ச் நடக்கும்போது தேவையானத மட்டும் பேசுங்க. "இடது பக்கம் ரெண்டு பேர், ஒருத்தனுக்கு ஹெல்த் கம்மி", இது பேச்சு. "நான்தான் அப்பவே சொன்னேன்ல", இது பேச்சே இல்ல. எல்லாரும் செத்து டீம்ல ஒருத்தன் மட்டும் கிளட்ச் (தனியா நின்னு ஜெயிக்கப் பாக்கறது) ஆடிட்டு இருக்கும்போது அவன் காதுல அட்வைஸ் பண்றவன அடுத்த மேட்சுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. அமாங் அஸ்ல (கூட்டத்துல ஒளிஞ்சிருக்கற கொலைகாரன கண்டுபிடிக்கற கேம்) இது இன்னும் மோசம், செத்தவங்க மியூட்ல இருக்கணும், ஆர்வக்கோளாறுல "அய்யோ அவனா"ன்னு ஒரு தடவை வாய விட்டீங்கன்னா அந்த ரவுண்டே காலி.

கிண்டல் விஷயத்துல கொஞ்சம் பொறுங்க. பழகினவன "நூப்"னு (கத்துக்குட்டின்னு) சொன்னா சிரிப்பான், நேத்து வந்தவன சொன்னா கிளம்பிடுவான். ராக்கெட் லீக்ல (கார் வச்சு ஃபுட்பால் ஆடற கேம்) "வாட் எ சேவ்!"னு ஒரு ரெடிமேட் மெசேஜ் இருக்கு, கோல தடுத்தவன பாராட்டத்தான் வச்சாங்க, ஆனா கோல் விட்டவனுக்கு அதையே மூணு தடவை தட்டினா அது அசல் நக்கல், ஆடறவங்க எல்லாருக்கும் இது தெரியும்.

கதை உள்ள கேம்னா க்ளைமாக்ஸ அப்படியே கொட்டாதீங்க, வாக்கியத்துக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு நேர்கோடு || போட்டா டிஸ்கார்ட் அத மறைச்சிடும், வேணுங்கறவங்க தொட்டு படிச்சுப்பாங்க.

எனக்கு நெஜமா ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சது மேட்ச் முடிஞ்ச அப்புறம்தான். ஸ்கோர் பாத்ததும் லீவ் அடிக்காம லாபில (எல்லாரும் காத்திருக்கற இடம்) ரெண்டு நிமிஷம் இருங்க, "அந்த புகைக்குண்டு ஸ்மோக்குக்குள்ள எப்படி போன, பயமா இல்லையா?"ன்னு அவங்க ஆடினத பத்தி ஒரு கேள்வி கேளுங்க. நான் அப்படி ஒருத்தன்கிட்ட கேட்டதுக்கு "போகணும்னு போகல, மவுஸ் கீழ விழுந்துடுச்சு"ன்னான், அன்னிக்கு ராத்திரி நாலு மேட்ச் சேர்ந்து ஆடினோம், நாலும் தோல்விதான்.