பக்கவாத மதிப்பீட்டைச் செவிலியருக்குக் கற்றுக்கொடுப்பது: என்.ஐ.எச்.எஸ்.எஸ். அளவுகோல், படிப்படியாக

பக்கவாத நோயாளியின் பாதிப்பு எவ்வளவு என்பதை 0 முதல் 42 வரையிலான ஓர் எண்ணாகச் சொல்வதற்கு உலகெங்கும் பயன்படுவது என்.ஐ.எச்.எஸ்.எஸ். (அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பக்கவாத அளவுகோல்). எண் கூடக்கூடப் பாதிப்பும் அதிகம். முதன்முதலில் எங்கள் அவசரப் பிரிவுச் செவிலியருக்கு இதைக் கற்றுக்கொடுத்தபோது, ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் பேசினேன், எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் ஒரே நோயாளியைப் பார்த்த இருவரில் ஒருவர் 6 என்றும் மற்றவர் 11 என்றும் எழுதி வைத்திருந்தார்கள். அதன் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அளவுகோலின் வரிகள் படிவத்திலேயே அச்சாகியிருப்பதால் எல்லாவற்றையும் விளக்கப்போவதில்லை.

படி 1: நேரமும் சர்க்கரையும்

மதிப்பெண்ணுக்கு முன்பாக இரண்டு செய்திகள் வேண்டும். குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவைப் பாருங்கள். அது மிகவும் தாழ்ந்திருந்தாலும் கைகால் செயலிழந்து, பக்கவாதம் போலவே தோன்றும். அடுத்து, உடன் வந்தவரிடம் “எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்காமல், “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்று கேட்கப் பழக்குங்கள். காலை 6 மணிக்கு வாய் கோணிய நிலையில் எழுந்தவர் இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் என்றால், கணக்கு இரவு 10 மணியிலிருந்துதான் தொடங்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நான்கரை மணி நேரம் இந்த ஒரு கேள்வியைத்தான் நம்பியிருக்கிறது.

படி 2: படிவத்தைக் கையில் கொடுங்கள்

கைப்பேசிச் செயலிகள் கூட்டலைத் தவறில்லாமல் செய்கின்றன என்றாலும், தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் அவற்றைத் தருவதில்லை. 1, 2, 3 என்ற பொத்தான்களைப் பார்த்து அழுத்திவிடுகிறார்களே தவிர, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய விளக்கத்தை யாரும் படிப்பதில்லை. விளக்கம் முழுவதும் அச்சிட்ட, லேமினேட் செய்த அட்டையே நல்லது. வரிசை மாறக் கூடாது. கண்டதை எழுத வேண்டும், நோயாளியால் முடியும் என்று நாம் நம்புவதை எழுதக் கூடாது. முதல் முயற்சிக்குத்தான் மதிப்பெண். பின்னால் திரும்பிப் போய்த் திருத்தக் கூடாது.

படி 3: கையைத் தூக்கிப் பிடித்தல்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. உட்கார்ந்திருப்பவரின் கையை 90 பாகையிலும், மல்லாந்து படுத்திருப்பவரின் கையை 45 பாகையிலும், உள்ளங்கை கீழே பார்க்கும்படி நீட்டிவைத்து, விட்டவுடன் 10 விநாடி எண்ண வேண்டும். காலுக்குப் படுத்த நிலையில் 30 பாகையும் 5 விநாடியும் போதும். நான் வாயால் “ஒன்று, இரண்டு” என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பயிற்சிக்காக எடுத்த காணொளியைப் பிறகு பார்த்தபோது, நான் 10 எண்ணி முடிக்க ஆறு விநாடிகூட ஆகவில்லை என்பது தெரிந்தது. எட்டாவது விநாடியில் தாழ்ந்திருக்க வேண்டிய கைகளுக்கெல்லாம் நான் 0 போட்டிருந்தேன். இப்போது விநாடி முள் உள்ள சுவர்க் கடிகாரத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறோம். எண்ணுவதை நோயாளி பார்க்கும்படி விரலாலும் காட்டுகிறோம்.

மதிப்பெண்களில் 1, 2, 3 ஆகியவைதான் குழப்பும். கை தாழ்ந்தும் கட்டிலைத் தொடாவிட்டால் 1. புவியீர்ப்பை எதிர்த்து முயன்றும் கட்டிலுக்கு வந்துவிட்டால் 2. விட்டவுடன் பொத்தென்று விழுந்து, ஆனால் கட்டிலில் அசைந்தால் 3. அசைவே இல்லையென்றால் 4. கையை விட்ட கணத்தில் சற்றே இறங்கி அங்கேயே நிற்பதைத் தாழ்வாகக் கொள்ள வேண்டாம். வலுவான பக்கத்தில் தொடங்கினால், என்ன கேட்கிறோம் என்பது நோயாளிக்கும் புரிந்துவிடும்.

படி 4: மாதமும் வயதும்

“இது என்ன மாதம்? உங்களுக்கு என்ன வயது?” என்ற இரு கேள்விகளுக்கும் விடை சரியாக இருக்க வேண்டும், கிட்டத்தட்டச் சரி என்பதற்குப் பாதி மதிப்பெண் கிடையாது. அக்டோபர் 10 அன்று ஒரு பாட்டி “புரட்டாசி” என்றார். பயிற்சியில் இருந்த செவிலியர் தவறு என்று எழுதிவிட்டார். பாட்டி சொன்னதுதான் சரி. ஆகவே தமிழ் மாதமும் அச்சிட்ட நாட்காட்டியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வயதில் சிக்கல் இன்னும் கூடுதல். ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கும் முதியவர்கள் பலர் தம் வயதை உறுதியாக அறியாதவர்கள். எங்கள் வழக்கம் இது: “பாட்டி வழக்கமாக எத்தனை வயது என்பார்?” என்று குடும்பத்தாரிடம் தனியே கேட்டுவைத்து, அதையே நோயாளி சொன்னால் சரியென்று கொண்டு, அப்படிச் செய்ததைக் குறிப்பில் எழுதிவிடுகிறோம். கேள்வி கேட்கும்போது மகளையும் மருமகனையும் திரைக்கு வெளியே நிறுத்துங்கள். அன்பு மிகுதியால் விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

படி 5: படங்களும் சொற்களும்

பெயர் சொல்லச் சொல்லும் படங்களில் கள்ளிச்செடியும் கையுறையும் இரு முனை கட்டிய வலைத்தொட்டிலும் இருக்கின்றன. வலைத்தொட்டிலைக் கண்டு “தூளி” என்றவருக்குப் பேச்சிழப்பு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாசிக்கும் பகுதியை நாம் சொல்லித் திரும்பச் சொல்லச் செய்யலாம். பேச்சுக் குழறலும் பேச்சிழப்பும் வேறு வேறு என்பதை இங்கேதான் விளக்க வேண்டும்: முன்னதில் சொல் தெரியும், நாக்கு புரளாது; பின்னதில் சொல்லே கிடைக்காது.

படி 6: இருவர், ஒரு நோயாளி

ஒருவர் செய்ய, மற்றவர் அருகில் நின்று பார்க்க, இருவரும் தனித்தனியே எழுதிய பிறகு வரிவரியாக ஒப்பிடச் செய்யுங்கள். கூட்டுத்தொகை ஒன்றாக வந்துவிட்டால் விட்டுவிடாதீர்கள். ஒருவர் முகத்துக்குப் போட்டதை மற்றவர் காலுக்குப் போட்டிருக்கலாம். முக வாதத்திலும் ஒத்தியைபின்மையிலும் (கைகால் அசைவுகள் ஒருங்கிணையாமல் தடுமாறுவது) வேறுபாடு அதிகம் வரும். பின்னதை, பலவீனத்தின் அளவுக்கு மீறிய தடுமாற்றம் இருந்தால் மட்டுமே எண்ண வேண்டும். முற்றிலும் செயலிழந்த கைக்கு அதில் 0 தான்.

பின்சேர்க்கை: மூச்சுவிடத் தொண்டைக்குள் குழாய் பொருத்தியிருப்பதால் பேச முடியாதவருக்கு என்ன செய்வது என்று இரவுப் பணிச் செவிலியர் ஒருவர் கேட்டிருந்தார். மாதம், வயது கேள்விக்கு 1; பேச்சுக் குழறலுக்கு மதிப்பிட இயலாது என்று காரணத்துடன் எழுத வேண்டும்; மொழிப் பகுதிக்கு எழுதிக் காட்டச் சொல்லலாம்.

இரண்டாவது பின்சேர்க்கை: தலைசுற்றலும் வாந்தியுமாக, நடக்கும்போது தள்ளாடி வந்தவருக்கு 0 வந்ததால் வீட்டுக்கு அனுப்பலாமா என்று மற்றொருவர் எழுதியிருந்தார். கூடாது. மூளையின் பின்பகுதியில் ஏற்படும் பக்கவாதத்தை இந்த அளவுகோல் குறைத்தே காட்டும். நடையைச் சோதிக்கும் வரி இதில் கிடையாது. அப்படிப்பட்டவரைக் கட்டிலில் உட்காரவைத்து, பிறகு இருபுறமும் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு நடக்கவைத்துப் பாருங்கள். தள்ளாடினால் மதிப்பெண் எதுவானாலும் நரம்பியல் மருத்துவரை உடனே அழையுங்கள்.