சர்வதேசக் கடற்பரப்பு: செய்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேஸ்வரம், மண்டபம், தங்கச்சிமடம் பகுதிகளிலிருந்து வரும் மீனவர் செய்திகளை மதுரையில் அமர்ந்து திருத்துவது என் வேலை. புதிதாகச் சேரும் உதவி ஆசிரியர்கள், எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத, 'ஹை சீஸ்' என்றும் பொதுக்கடல் என்றும் சொல்லப்படும் சர்வதேசக் கடற்பரப்பைப் பற்றி எழுதும்போது, முன்னவர்கள் இடறிய இடங்களிலேயே இடறுகிறார்கள். கடல் மைலையும் தரை மைலையும் குழப்புவது போல, ஒருமுறை சுட்டினாலே திருந்திவிடும் பிழைகளை இங்கு விட்டுவிடுகிறேன்.

எல்லைக்கோட்டைத் தாண்டினால் பொதுக்கடல் என நினைப்பது

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 'சர்வதேசக் கடல் எல்லைக்கோடு' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அதற்கு அப்பால் எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத கடல் தொடங்குவதாக எழுதிவிடுகிறார்கள். அக்கோடு இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்டது. அதன் மறுபுறம் இருப்பது இலங்கையின் கடல். 1982 ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி ஒரு நாடு கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, மீன் முதலிய கடல் வளங்களின் மேல் தனக்கே உரிமையுள்ள தனிப் பொருளாதார மண்டலம் கொள்ளலாம் என்பதால், எதிரெதிரான இரு நாடுகளும் அதை முழுமையாகக் கொண்டால், இடையே 400 கடல் மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 740 கிலோமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால்தான் நடுவில் சர்வதேசக் கடற்பரப்பு மிஞ்சும். மதுரையிலிருந்து சென்னைக்கே சாலைவழி ஏறத்தாழ 460 கிலோமீட்டர்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவே உள்ளது. பாக் நீரிணையில் சர்வதேசக் கடற்பரப்பு என்று ஒரு துளியும் இல்லை.

பயிற்சியில் இருந்த இளைஞர் ஒருவர், மீனவர்கள் சர்வதேசக் கடலில் கைது செய்யப்பட்டதாக எழுதியது அப்படியே அச்சேறிவிட்டது. கைதானவர்களில் ஒருவருடைய மைத்துனர் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து, "பொதுக்கடலில் பிடித்தது செல்லாதுதானே, ஐயா?" என்று கேட்டார். அந்த ஒரு வரியை நம்பி, வழக்கறிஞருக்குக் கொடுப்பதற்காக வீட்டு நகையை அடகு வைக்கவும் அக்குடும்பம் ஆயத்தமாக இருந்தது. கைது நடந்த விதமும் படகுப் பறிமுதலும் முறைதானா என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை இல்லாத ஒரு கடலின் மேல் கட்ட முடியாது என்பதை அவருக்கு விளக்கி அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது.

12 கடல் மைலோடு உரிமை முடிந்தது எனக் கொள்வது

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்ட ஆட்சிக்கடல்; 24 வரை, சுங்கம், குடியேற்றம் போன்ற சட்டங்களை மட்டும் அமல்படுத்தக்கூடிய அடுத்துள்ள மண்டலம்; 200 வரை பொருளாதார மண்டலம். 2012 இல் இத்தாலியக் கப்பலான என்ரிகா லெக்சியிலிருந்து மீனவர் இருவர் சுட்டுக்கொல்லப்பட்ட இடம் கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல். அதை ஆட்சிக்கடல் என்று எழுதினாலும் தவறு, சர்வதேசக் கடற்பரப்பு என்று எழுதினாலும் தவறு. பொருளாதார மண்டலத்திலும் பிற நாட்டுக் கப்பல்களுக்குப் போக்குவரத்துச் சுதந்திரம் உண்டு என்பதே இக்குழப்பத்தின் வேர்.

ஆழ்கடலும் சர்வதேசக் கடற்பரப்பும் ஒன்றே என்பது

ஆழம் வேறு, சட்டநிலை வேறு. பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக 2017 இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் சூரை மீனை நாடுவது; இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள்ளேயே அதற்கு வேண்டிய ஆழம் இருக்கிறது.

நடுக்கடல்

இப்படிப் பொதுவாக எழுதாமல், கரையிலிருந்து எத்தனை கடல் மைல் என்று கேட்டு எழுதுங்கள்.

அங்கே சட்டமே இல்லை என்பது

சர்வதேசக் கடற்பரப்பில் செல்லும் கப்பல், தான் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டது. கடற்கொள்ளைக் கப்பலாக இருந்தால் அதை எந்த நாடும் கைப்பற்றலாம்.