செட்டிநாட்டு வீட்டுக்குப் புதிய ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது எப்படி?

அப்பச்சி வாங்கிய ஆம்ப்ளிஃபையரும் ரெக்கார்டு பிளேயரும் இன்னும் நன்றாக இயங்கிக்கொண்டிருக்க, ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று எண்ணுவது சரியான எண்ணமே. ஆனால் கம்பளம் விரித்துச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்த கடை அறையில் கேட்டு மயங்கி, உயரமான ஜோடி ஒன்றை நான் வாங்கி வந்து பெரிய கூடமான பட்டாலையில் வைத்தபோது, பாடகரின் சொற்கள் ஒன்றோடொன்று கரைந்து, மிருதங்கம் தூரத்துக் கொட்டுபோலக் கேட்டது. குறை ஸ்பீக்கரில் இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவரும் ஒலியை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்புகின்றன.

எனவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அறையை அளந்துகொள்ளுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் கண்டறிந்த கணக்குப்படி, அறையின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பும் எதிர்முழக்கம் அடங்க எத்தனை வினாடி ஆகும் என்பது தெரியும். 30 அடி நீளம், 15 அடி அகலம், 14 அடி உயரமுள்ள பட்டாலையின் கொள்ளளவு சுமார் 178 கன மீட்டர். அதன் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 200 சதுர மீட்டர். இதில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஒலி மட்டுமே உறிஞ்சப்படுவதாகக் கொண்டால், எதிர்முழக்கம் ஏறக்குறைய 3 வினாடி நீடிக்கும். மெத்தை நாற்காலியும் திரைச்சீலையும் நிறைந்த சாதாரணக் கூடத்தில் இது அரை வினாடி அளவில்தான் இருக்கும். ஒரு ஜமக்காளத்தை விரித்து இந்த வேறுபாட்டை ஈடுகட்ட முடியாது. மெல்லிய துணி உச்ச ஒலிகளை மட்டும் குடித்துவிட்டு, கீழ் ஒலிகளை அப்படியே விட்டுவிடும். சுவரோரம் நிறுத்திய கனத்த இலவம்பஞ்சு மெத்தைகள் அதைவிட நல்ல பலன் தரும். சபைனின் கணக்கில் திறந்த சாளரம் முழு உறிஞ்சி என்பதால், நடு முற்றமான வளவை நோக்கிய கதவுகளையெல்லாம் திறந்து வைத்துக் கேட்பதும் செலவில்லாத நல்ல வழி. வெளியேறும் ஒலியின் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பட்டாலையில்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால், ஒலியை எல்லாத் திசையிலும் இறைக்காமல் முன்னோக்கி ஒழுங்காகச் செலுத்தும் ஸ்பீக்கரையே தேடுங்கள். உச்ச ஒலிகளைத் தரும் சிறிய பகுதியான ட்வீட்டரைச் சுற்றி ஆழமற்ற புனல்போன்ற குழிவு அமைந்த வகைகள் இதற்கு ஏற்றவை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் மறைத்துக் கேட்கவைத்து நடத்திய சோதனைகளில், நேர்முன்னே கீழ் ஒலி முதல் உச்ச ஒலி வரை சமமாகவும் பக்கவாட்டில் சீராகக் குறைந்துகொண்டும் ஒலிக்கும் ஸ்பீக்கர்களையே கேட்பவர்கள் விரும்பினார்கள். பக்கவாட்டு ஒலிதான் சுவரில் பட்டுத் திரும்பி வருவது என்பதால், நம் வீடுகளில் அது இரு மடங்கு முக்கியம். நேர்முன் வரைபடத்தை மட்டும் காட்டும் விளம்பரத்தை நம்பாமல், பல கோணங்களில் எடுத்த அளவீடுகள் உள்ளனவா என்று கேளுங்கள். நீங்கள் அமரும் இடமும் ஸ்பீக்கரிலிருந்து ஆறேழு அடிக்குள் இருக்கட்டும்.

மாடியிலோ வளவைச் சுற்றியோ உள்ள சிறிய அறையைத் தேர்ந்தால் சிக்கல் வேறு. 12 அடி நீள அறையில் 48 ஹெர்ட்ஸ் அளவிலான கீழ் ஒலி தானாகவே வீங்கும். அங்கே கீழ் ஒலிகளைத் தரும் வூஃபரைப் பெரிதாக வாங்குவது வீங்குவதை மேலும் வீங்க வைப்பதாகும். பின்புறம் துளையில்லாத, மூடிய பெட்டியுடைய சிறிய ஸ்பீக்கரே அங்கு நிதானமாக ஒலிக்கும்.

வாட்ஸ் எண்ணைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் தரும் ஜோடி, இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட் கொடுத்தாலே 84 டெசிபெல் அளவுக்குக் கேட்கும். முழங்கும் அறையில் இன்னும் கூடும். ஆகவே பழைய 30 வாட் ஆம்ப்ளிஃபையரே தாராளமாகப் போதும். ஆனால் அதன் பின்பக்கத்தில் ஸ்பீக்கரின் மின்தடை அளவு 8 ஓம் என்று எழுதியிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். மின்னோட்டம் இரு மடங்காகி ஆம்ப்ளிஃபையர் சூடேறிப் பழுதாகலாம். ஒயருக்குப் பெரும் பணம் செலவழிக்காதீர்கள், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வீட்டுத் தூரங்களுக்கு நிறைவாகப் போதும்.

கேட்டுப் பார்ப்பதை உங்கள் வீட்டிலேயே செய்யுங்கள்; இரண்டு நாள் தருவதற்குச் சம்மதிக்கும் கடையே நல்ல கடை. இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துங்கள், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதை நம் காது சிறந்ததென்று எண்ணிவிடும். வீணைக்குப் பேர்போன காரைக்குடிப் பக்கத்தவர்களுக்கு வீணையைவிட நல்ல அளவுகோல் இல்லை: மீட்டியபின் நாதம் அடங்கும் வரை ஸ்வரத்தின் அசைவான கமகம் தெளிவாகப் பின்தொடரக் கேட்க வேண்டும். அடுத்து, மிருதங்க வித்வான் காரைக்குடி மணியின் தனியாவர்த்தனப் பதிவு ஒன்றைப் போட்டு, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலி சுருதியோடு நின்று அடங்குகிறதா, வெறும் முழக்கமாக நீள்கிறதா என்று கவனியுங்கள். சாகித்தியத்தின் மெய்யெழுத்துகள் புரியாத ஜோடியைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஜோடியை வாங்குவதாயின் வூஃபரின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரைப்பஞ்சு விளிம்பு நம் வெயிலிலும் ஈரப்பதத்திலும் பொடியாகும், ரப்பர் விளிம்பு அதைவிட நெடுநாள் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் ட்வீட்டர் உங்கள் காது மட்டத்துக்கு வருமாறு தாங்கியில் வைத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளித் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஓரங்குலமாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்தையும் ஆத்தங்குடிக் கல்லில் சாக்பீஸால் குறித்து, ஒரே பாட்டைக் கேட்டு வாருங்கள். பாடகர் இரு பெட்டிகளுக்கும் நடுவே தெளிவாக நிற்கும் நாளில் அந்தக் கோட்டை விட்டுவிட்டு மற்றவற்றைத் துடைத்துவிடலாம்.