பாதையைத் துண்டு துண்டாகப் போட்டால் சைக்கிள் வராது

நகரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கூட்ட வேண்டும் என்றதும் முதலில் தோன்றுவது ஞாயிற்றுக்கிழமைப் பேரணி. டி-ஷர்ட், கொடியசைப்பு, போட்டோ. திங்கட்கிழமை அதே ஆட்கள் பைக்கில் வேலைக்குப் போவார்கள். ஆசை இல்லாமல் இல்லை, பயம்.

சரி, சைக்கிளுக்குத் தனிப் பாதை போடலாம். பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது: ஒரே ஒரு பாதையை அழகாகப் போட்டுவிட்டு, ஆள் வருகிறார்களா என்று பார்ப்பது. சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்தே இதில் சறுக்கியிருக்கிறது. 1970களில் ஹேக், டில்பர்க் நகரங்களில் நகரத்துக்கு ஒன்றாக முன்மாதிரிப் பாதை போட்டார்கள். பக்கத்துத் தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் பெரும்பாலும் அதற்கு மாறினார்கள்; ஊர் முழுக்கப் பார்த்தால் பெரிய மாற்றமில்லை. 1980களில் டெல்ஃப்ட் நகரம், விட்டுப்போன இடங்களையெல்லாம் இணைத்து வலைப்பின்னலாக்கியது. அங்கே சைக்கிள் கூடியது. ஸ்பெயினின் செவில் நகரம் 2006-07இல் சுமார் 80 கிலோமீட்டரை ஒரே மூச்சில் போட்டது. சில ஆண்டுகளில் சைக்கிள் பயணங்கள் ஏறத்தாழ பத்து மடங்காயின. பள்ளிக்கூடம் வரை பாதை பத்திரமாக இருந்து, நடுவில் ஒரு சந்திப்பு மட்டும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் திறந்து கிடந்தால் எந்த அம்மா பிள்ளையை அனுப்புவார்?

வெள்ளைக்கோடு போட்டு சைக்கிள் படம் வரைவதும் பாதை ஆகாது. மறுநாளே அங்கே ஒரு கார் நிற்கும், அப்புறம் இளநீர் வண்டி. செவில்லில் பாதையை உயர்த்திக் கட்டினார்கள், அதற்காகக் கார் நிறுத்தும் இடங்களையும் எடுத்தார்கள். அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் கோடே போட வேண்டாம், பெயிண்ட் செலவாவது மிச்சம்.

வாடகை சைக்கிள் திட்டத்திலும் சறுக்கல் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சைக்கிள் ஓட்டவும் ஹெல்மெட் கட்டாயம். 2010இல் வாடகை சைக்கிள் வந்தபோது, திடீரென்று எடுத்து ஓட்ட நினைத்தவருக்கு ஹெல்மெட் எங்கே கிடைக்கும்? 5 டாலருக்குக் கடைகளில் விற்றுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ஆள் சேரவில்லை; 2019இல் மூடிவிட்டார்கள்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது, ஏற்கெனவே ஓட்டுகிறவர்களை மறப்பது. பால்காரர், பேப்பர் போடும் பையன், இரவுக் காவலாளி, கட்டடத் தொழிலாளி. 2013இல் கொல்கத்தா, நெரிசலைக் காரணம் காட்டி 170க்கும் மேற்பட்ட சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. இப்படி ஓட்டுகிறவர்களில் பலருக்குப் பஸ் கட்டணமே பாரம். எந்தச் சந்திப்பில் உயிர் போய் உயிர் வருகிறது என்று அவர்களிடம் கேட்டால் ஒரே காலையில் பட்டியல் கிடைத்துவிடும்.